பென்சனில் எப்போது போகலாம்?

55 வயது தாண்டிவிட்டால் திருகோணமலையில் ஓர் அரச ஊழியரைப் பார்த்து யாரும் "சுகமா?" என்று கேட்பதில்லை. "எப்ப பென்சன்?" என்றுதான் கேட்கிறார்கள். மார்க்கட்டில் மீன் வெட்டித் தருபவர்கூட அதைத்தான் கேட்பார். நான் கல்விக் கந்தோர் ஒன்றின் தாபனக் கிளையில் முகாமைத்துவ உதவியாளராக இருந்து 58 வயதில் இளைப்பாறியவள். மற்றவர்களுடைய பென்சன் கோவைகளை, அதாவது பைல்களை, தயாரிப்பதிலேயே என் காலம் போனது. இப்போதும் உவர்மலையில் என் வீட்டு விறாந்தைக்குப் பைலும் கையுமாக யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு தவறான யோசனையை ஓரமாக வைப்போம். கனடாவில் இருக்கும் என் அண்ணா, "அவசரப்படாதே, பிந்தி எடுத்தால் கூட வரும்" என்றார். அவர் இருக்கும் நாட்டில் அது சரி. அங்கே சி.பி.பி. என்ற ஓய்வூதியத்தை 60 வயதிலேயே எடுத்தால் 65இல் கிடைப்பதைவிட 36 வீதம் குறையும். 70 வரை பொறுத்தால் 42 வீதம் கூடும். வெளிநாட்டில் உறவு இல்லாத வீடு இந்த ஊரில் அருமை என்பதால், இந்தப் புத்திமதி வட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறது. எங்கள் அரச பென்சனில் பொறுத்ததற்காக யாரும் கூட்டித் தருவதில்லை. வயதைப் பார்த்து அல்ல, சேவை மாதங்களையும் கடைசியாக எடுத்த அடிப்படைச் சம்பளத்தையும் பார்த்துத்தான் தருகிறார்கள்.

வயது எல்லை இரண்டு. 55இல் விரும்பினால் போகலாம், 60இல் கட்டாயம் போகவேண்டும். 2022 ஜனவரியில் கட்டாய வயதை 65 ஆக்கினார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் மறுபடியும் 60க்குக் கொண்டுவந்தார்கள். 60ஐத் தாண்டியிருந்தவர்களில் பெரும்பாலானோர் 2022 டிசெம்பர் 31ஆம் திகதியோடு ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். இன்னும் ஐந்து வருடம் இருக்கிறதே என்று வீட்டுக்கு மேல்மாடி போடத் தொடங்கியிருந்த சிலரை எனக்குத் தெரியும். ஆகையால் சட்டம் மாறும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்று நடைமுறையில் இருப்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

உங்கள் மாதங்களை எண்ணுங்கள்

பென்சன் கிடைப்பதற்குக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். முழு வீதம் கிடைக்க 30 வருடம், அதாவது 360 மாதம். அதற்குக் குறைந்தால் மாதக் குறைவுக்கேற்ப வீதம் இறங்கும். அதற்கு மேல் எத்தனை வருடம் உழைத்தாலும் வீதம் ஏறாது. இந்த ஒரு விஷயம் விளங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மாதத்தை எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது என்பதில்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிக்கல். "நான் 28 வருடம் படிப்பித்தவள்" என்று ஒரு ரீச்சர் சொல்வார். நியமனக் கடிதத்தைப் பார்த்தால் அதில் முதல் சில வருடங்கள் நிரந்தர நியமனம் இல்லாமல் தொண்டர் ஆசிரியராக இருந்த காலமாக இருக்கும். யுத்த காலத்தில் கிழக்கிலே பள்ளிக்கூடங்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் அந்தத் தொண்டர்கள்தான். ஆனால் பென்சன் கணக்கில் அந்த உழைப்பு தானாக வந்து சேராது. "நிரந்தரமானது, ஓய்வூதிய உரித்துடையது" என்று எழுதிய நியமனம் எந்தத் திகதியில் தொடங்குகிறதோ அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். அதற்கு முந்திய காலத்தைச் சேர்க்க வழி இருந்தால், அதைச் சேர்த்ததற்கு எழுத்தில் ஓர் உத்தரவு கோவையில் இருக்கவேண்டும். பள்ளிக்கூட அதிபர் வாயால் சொன்னது போதாது.

அடுத்ததாகச் சம்பளமற்ற லீவு. பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு எடுத்தது, கணவரோடு வெளிநாடு போக எடுத்தது, 2022இல் வந்த சுற்றறிக்கையின்கீழ் ஐந்து வருடம் வரை எடுத்தது என்று பலவகை இருக்கிறது. ஒவ்வொன்றையும் கோவையில் எப்படிப் பதிந்திருக்கிறார்கள், சேவைக் காலத்தில் சேர்த்திருக்கிறார்களா, அந்தக் காலத்துக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு (நாங்கள் இறந்தபின் குடும்பத்துக்குப் பென்சன் கிடைக்கச் சம்பளத்தில் பிடிப்பது) கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கொப்பித் தாளில் நியமனத் திகதியை மேலே எழுதி, கழிக்கவேண்டிய மாதங்களைக் கீழே எழுதினால் போதும். கணினி ஒன்றும் தேவையில்லை.

இன்னொன்று. "இளைப்பாறுதல்" வேறு, "பதவி விலகல்" வேறு. மகளின் பிரசவத்துக்கு லண்டனுக்குப் போகும் அவசரத்தில் விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தால் பென்சன் உரிமையே போய்விடும். அறிவிக்காமல் வேலைக்குப் போகாமல் விட்டு, பதவியை வெறிதாக்கியதாகக் கடிதம் வந்தாலும் அதே கதிதான். 30 வருட உழைப்பு ஒரு சொல்லில் போகும். எழுதிய கடிதத்தைக் கொடுக்க முன் தாபனக் கிளையில் யாரிடமாவது காட்டுங்கள்.

வித்தியாசத்துக்காகத்தான் வேலை

360 மாதம் முடிந்தவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் கணக்கு இது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபா என்று வையுங்கள். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 17,800. மொத்தம் 77,800. பென்சனுக்குக் கணக்கெடுப்பது அடிப்படைச் சம்பளத்தைத்தான். வீதம் சம்பளத் தொகையைப் பொறுத்து அட்டவணையில் மாறும். கணக்குச் சுலபமாக இருக்க 85 வீதம் என்று எடுத்தால் பென்சன் 51,000. சம்பளத்துக்கும் இதற்கும் இடையில் 26,800 ரூபா இருக்கிறது. பென்சன்காரருக்கும் ஒரு வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு உண்டு, தொகை குறைவு. அதைக் கழியுங்கள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்த விதவைகள் அநாதைகள் பங்களிப்பு பென்சனில் பிடிக்கப்படாது. அதையும் கழியுங்கள். பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, பள்ளிக்கூடத்து விழாக்களுக்கு உடுத்தும் சேலை, ஒவ்வொரு பிரியாவிடைக்கும் கொடுக்கும் காசு எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுகிற தொகைக்காகத்தான் நீங்கள் இனி ஒரு மாதம் முழுக்க வேலைக்குப் போகிறீர்கள்.

அந்தத் தொகை சிலருக்குப் பெரிது. பல்கலைக்கழகத்தில் ஒரு பிள்ளை, வங்கியில் வீட்டுக் கடன் என்று இருப்பவர்களுக்கு அது இல்லாமல் சரிவராது. சிலருக்கு அது ஒன்றுமே இல்லை. பாலையூற்றிலிருந்து மூதூர்ப் பக்கம் தினமும் போய்வரும் ஒரு ரீச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பயணம் லேசாகிவிட்டது உண்மைதான். அதற்கு முன் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறிக் கடந்த தலைமுறை இவர்களைப் பார்த்துச் சிரிக்கும். ஆனாலும் விடிய ஐந்தரைக்குப் பஸ் பிடிப்பதும், முழங்கால் வலியும், பிரஷர் குளிசையும் அந்த ரீச்சருக்குத்தானே தெரியும். மாலையில் வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தால் அந்த வித்தியாசத்தில் பாதி வந்துவிடும் என்று அவர் கணக்குப் பார்த்தார். 57இல் போனார். நான் மறுக்கவில்லை.

360 மாதம் நிறையாதவர்களுக்குக் கதை வேறு. 35 வயதில் நியமனம் கிடைத்தவருக்கு 60இல்கூட 25 வருடம்தான் வரும். அவர் 55இல் போனால் 20 வருடத்துக்கான வீதத்தோடு வாழ்நாள் முழுக்க இருக்கவேண்டும். உடம்பு இடம் கொடுத்தால் அவர் கடைசி நாள் வரை இருப்பதுதான் நல்லது. பிந்தி நியமனம் பெற்ற தொண்டர் ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். பக்கத்து வீட்டு அக்கா 55இல் போனாரே என்று பார்த்து இவர்களும் போகக்கூடாது.

திகதி ஏன் முக்கியம்

சம்பள மீளாய்வு வரும் காலங்களில் இளைப்பாறும் திகதி பெரிய விளையாட்டுக் காட்டும். 2016இல் தொடங்கிய சம்பளத் திருத்தம் கட்டம் கட்டமாக ஏறி 2020 ஜனவரி முதலாம் திகதியோடுதான் முழுமையானது. அந்தத் திகதிக்கு முன் போனவர்களும் பின் போனவர்களும் ஒரே பதவியில், ஒரே சேவைக் காலத்தோடு, வெவ்வேறு பென்சன் எடுத்தார்கள். எங்கள் ஊரில் இரண்டு அதிபர்கள் கோயில் வீதியில் சந்தித்தால் பேச்சு அங்கேதான் போய் முடியும். அந்த முரண்பாட்டைச் சரிசெய்ய 2025 வரவு செலவுத் திட்டத்தில், 2020க்கு முன் இளைப்பாறியவர்களின் பென்சனை 2025, 2026, 2027 ஜூலை மாதங்களில் மூன்று கட்டமாகத் திருத்துவதாகச் சொன்னார்கள்.

இப்போது இன்னொரு திருத்தம் நடக்கிறது. 2025 ஏப்ரலில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆக அறிவிக்கப்பட்டது. கூடிய தொகை ஒரே தடவையில் கைக்கு வருவதில்லை. 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று பிரித்துத் தருகிறார்கள். இந்தக் காலத்துக்குள் போக நினைப்பவர்கள் நாள் குறிக்க முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்கவேண்டும்: "நான் இந்தத் திகதியில் இளைப்பாறினால் என் பென்சன் எந்தச் சம்பளப் படியில் கணிக்கப்படும்?" பதிலும் எழுத்தில் வரவேண்டும். ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம், தமிழில் கேளுங்கள்.

தரம் உயர்வும் அப்படித்தான். ஆசிரியர் சேவையில் தரம் 2-Iஇலிருந்து தரம் 1க்குப் போகவேண்டியவரின் கடிதம் எங்கோ ஒரு மேசையில் கிடக்கும். தரம் உயரத் தேவையான வினைத்திறன் தடைதாண்டல் முடித்தாரா, பிந்தி நியமனம் பெற்றவராக இருந்தால் இரண்டாம் மொழித் தேர்ச்சிச் சான்றிதழ் கோவையில் இருக்கிறதா, சம்பள ஏற்றங்கள் ஒழுங்காக ஏறினவா? இவற்றைச் சேவையில் இருக்கும்போது ஓடித் திரிந்து முடிப்பது சுலபம். வெளியே வந்தபின் ஒவ்வொரு கடிதத்துக்கும் வாசலில் நின்று பெயர் சொல்லித்தான் உள்ளே போகவேண்டியிருக்கும். கடைசி அடிப்படைச் சம்பளம் பிழையாக இருந்தால் அந்தப் பிழை உங்களோடு சாகும்வரை வரும்.

பணிக்கொடையை நம்பித் திகதி வைக்கவேண்டாம்

24 மாதப் பென்சனுக்குச் சமமான பணிக்கொடை மொத்தமாகக் கிடைக்கும். மேலே சொன்ன கணக்கில் அது 12 லட்சத்தை ஒட்டி வரும். அதற்காக முதல் 10 வருடம் மாதப் பென்சனில் ஒரு பங்கைக் குறைத்துத் தருவார்கள். 10 வருடம் முடிந்ததும் அந்தப் பங்கு திரும்பச் சேரும். இடர்க்கடன் (அரச ஊழியர் அவசரத்துக்கு எடுக்கும் கடன்) மிச்சம் இருந்தால் அதையும் பணிக்கொடையில் கழிப்பார்கள். நாள் குறிக்க முன் அதைக் கட்டி முடித்துவிட்டால் நிம்மதி.

மகளின் கலியாணத்துக்கு மண்டபம் பிடித்துவிட்டு, பணிக்கொடை வரும் என்று இளைப்பாறும் ஆட்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யவேண்டாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பலருக்கு அந்தக் காசு மாதக் கணக்கில் பிந்தியது. மாதப் பென்சன்கூடக் கோவை சரியாக இல்லாவிட்டால் முதல் தவணை வரச் சுணங்கும். நாலைந்து மாதச் செலவுக்குக் கையில் காசு வைத்திராமல் கடைசிச் சம்பளத்தை எடுக்காதீர்கள்.

பணிக்கொடையை வங்கியில் நிலையான வைப்பில் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருப்பவர்கள் அதற்கான பிரகடனப் படிவத்தை வங்கியில் நிரப்பிக் கொடுத்தால் அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம்.

கோவை

எல்லாவற்றையும்விட எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது இதில்தான். நாங்கள் இடம்பெயர்ந்த சனம். 1990இல் ஓடினோம். 2004இல் கடல் வந்தது. 2006இல் மூதூர் ஆட்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். பலருடைய நியமனக் கடிதமும் இடமாற்றக் கடிதமும் அதில் போனது. போதாததற்கு, வடக்கும் கிழக்கும் ஒரு மாகாணமாக இருந்த காலத்தில் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வேலை செய்தவர்களின் பழைய தாள்கள், 2007இல் மாகாணம் பிரிந்தபோது எந்தப் பக்கம் போயின என்று தேடவேண்டும். அந்தக் காலச் சேவையை உறுதிப்படுத்தும் கடிதம் எடுக்க நீங்கள் போகவேண்டிய கந்தோரில் அன்று இருந்த லிகிதர் இன்று பென்சனில் இருப்பார். இது ஒரு கிழமையில் முடிகிற வேலையில்லை. 53 வயதில் தொடங்குங்கள். உங்கள் தனிப்பட்ட கோவையைப் பார்க்க அனுமதி கேட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டி, இல்லாத கடிதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பெயர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் "ராசா", அடையாள அட்டையில் "ராஜா", நியமனக் கடிதத்தில் ஆங்கில எழுத்து இன்னொரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறொன்று. எங்களுக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கொழும்பில் பென்சன் கோவையைப் பார்ப்பவருக்கு நான்கு ஆட்கள். சில வித்தியாசங்களுக்குச் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் போதும், சிலவற்றுக்குப் பத்திரத்தையே திருத்தவேண்டிவரும். எது தேவை என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கணவர் அல்லது மனைவியின் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். நீங்கள் கண்மூடியபின் பென்சன் அவருக்குப் போவது விதவைகள் அநாதைகள் திட்டத்தில் என்ன பெயர் பதிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெண் உத்தியோகத்தர்களின் கணவன்மாருக்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அந்த உரிமை உண்டு. அதைத் தெரியாத ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தனியார் வேலை என்றால்

என் கணவர் சீனக்குடாப் பக்கம் ஒரு தனியார் கம்பனியில் வேலை. அவருக்குப் பென்சன் இல்லை, ஊழியர் சேமலாப நிதிதான். ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்டுகிறார்கள். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். சேமலாப நிதியை ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுக்கலாம். வேலை செய்யும் வயது 60 வரை என்று 2021இல் சட்டம் வந்தபிறகும் எடுக்கும் வயது மாறவில்லை.

இங்கேதான் பொறுத்தால் கூடும் என்ற பேச்சு ஓரளவு பொருந்துகிறது. நிதி உள்ளேயே கிடந்தால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். 2023க்கு 13 வீதமும் 2024க்கு 11 வீதமும் கொடுத்தார்கள். வங்கி வைப்பு வட்டி அதற்குள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. ஆகவே கடனோ அவசரமோ இல்லாத ஆண் 55ஆவது பிறந்தநாளன்றே போய் எடுத்து வங்கியில் போடுவதில் எனக்குக் காரணம் தெரியவில்லை. நகைக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் எடுத்து அதை அடைக்கலாம், அது வேறு. மச்சானுக்கு முச்சக்கர வண்டி வாங்க எடுப்பவரிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்.

மறுபடியும் அரச ஊழியர்களுக்கு, கடைசியாக. திகதி முடிவானதும் குறைந்தது ஆறு மாதம் முன்பே நிறுவனத் தலைவர் ஊடாக எழுதிக் கொடுங்கள். ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தபின் மனம் மாறினால் திருப்பி எடுப்பது லேசில்லை. கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் ஒரு போட்டோப் பிரதி வீட்டில் இருக்கட்டும். பிரதேச செயலகத்தில், நகரத்து ஆட்களுக்கு "பட்டினமும் சூழலும்" என்ற பிரதேச செயலகத்தில், ஓய்வூதியப் பிரிவு எது, அங்கே யார் உங்கள் கோவையைப் பார்க்கிறார் என்று தெரிந்துவைத்திருங்கள். பென்சன் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வங்கிக்கு வரும். கணக்கை உங்கள் பெயரில் மட்டும் வைத்து, ஏ.ரி.எம். அட்டையை மகனிடம் கொடுக்காமல் இருந்தால் நல்லது. வருடாவருடம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவேண்டும். வெளிநாட்டில் பேரப்பிள்ளையோடு நிற்கிற காலம் அதற்குள் விழுந்தால், போக முன்னரே அந்தப் பிரிவில் சொல்லி, அங்கிருந்து எப்படி அனுப்புவது என்று கேட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள்.